1,540 கிராம் பாப்பாவும் கண்ணாடிப் பெட்டியும்

கேள்வி: டாக்டர், எனக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டதால் 32-வது வாரத்திலேயே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. பிறந்தபோது 1,540 கிராம். ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு நாளில் எனக்கு நான்கு ஊசி போட்டார்கள். முதல் ஐந்து நாள் சூடு தரும் கண்ணாடிப் பெட்டியில் (இன்குபேட்டர்) இருந்தாள். மூக்கில் குழாய் வைத்துக் காற்று கொடுத்தார்கள். அதை எடுத்து நான்கு நாளாகிறது. இன்று ஒன்பதாவது நாள், எடை 1,470. “இனி பெட்டி வேண்டாம், நீங்களே நெஞ்சில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தவரை நாள் முழுக்க” என்கிறார்கள். பெட்டி போதவில்லை, அதனால்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்கிறார் என் மாமியார். கடன் வாங்கியாவது பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடலாம் என்கிறார் கணவர். பால் பீய்ச்சினால் ஒரு தடவைக்கு 15, 20 மில்லிதான் வருகிறது. ஏழை நாடுகளில் இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பாதி இறந்துவிடுகின்றன என்று படித்தேன். அதிலிருந்து தூக்கமே இல்லை. என் மகள் பிழைப்பாளா? எட்டாம் மாதத்தில் நான் மாடிப்படி ஏறி இறங்கியதால்தான் இப்படி ஆனதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது மனதை அரித்துக்கொண்டிருக்கும்வரை நான் சொல்லும் மற்ற எதுவும் உங்கள் காதில் ஏறாது. மாடிப்படி ஏறியதால் இது வரவில்லை. கர்ப்பத்தில் இப்படி இரத்த அழுத்தம் ஏறுவதற்குப் பெரும்பாலும் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில் சரியாக வேர்விடாததுதான் காரணம். அது தொடங்குவது முதல் சில மாதங்களில், உங்களுக்கோ எங்களுக்கோ தெரியாமல். எட்டாம் மாதம் முழுக்க நீங்கள் படுத்தே கிடந்திருந்தாலும் அழுத்தம் ஏறியிருக்கும். அப்படியே விட்டிருந்தால் உங்களுக்கு வலிப்பு வந்திருக்கலாம், குழந்தைக்குப் போகும் இரத்தம் நின்றிருக்கலாம். மருத்துவர்கள் அவசரப்பட்டது உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றத்தான். மாடிப்படிக் கதையை இனி யார் எடுத்தாலும் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

இங்கேயே உங்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாப்பா பிறந்ததும் எல்லோர் கண்ணும் பாப்பா மேல் போய்விடும். அம்மாவின் அழுத்தத்தைப் பார்க்க மறந்துவிடுவார்கள். பிரசவம் முடிந்த பிறகும் சில வாரங்களுக்கு அது ஏறலாம். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, மூச்சு வாங்குதல், இதில் எது இருந்தாலும் “பாப்பாவுக்குத்தானே கவனம் வேண்டும்” என்று பொறுத்துக்கொண்டிருக்காமல் உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். பின்னொரு நாள் மறுபடி கருவுற்றால், மூன்றாம் மாதம் முடிவதற்குள் இந்தக் கதையை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிறிய அளவு ஆஸ்பிரின் மாத்திரையை முன்கூட்டியே தொடங்கினால் இது திரும்ப வரும் வாய்ப்பு குறைகிறது. மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும்; நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கணக்குக்கு வருகிறேன். நீங்கள் படித்தது பொய்யில்லை. குறைந்த வருமான நாடுகளில் 32 வாரத்திலோ அதற்கு முன்போ பிறக்கும் குழந்தைகளில் பாதி இறந்துவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பணக்கார நாடுகளில் அவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் பிழைக்கிறார்கள். ஆனால் எதனால் இறக்கிறார்கள் என்பதையும் அதே நிறுவனம் சேர்த்தே சொல்கிறது: உடல் சூட்டைக் காப்பாற்ற ஆளில்லாமல், தாய்ப்பால் புகட்ட உதவியில்லாமல், தொற்றுக்கும் மூச்சுத் திணறலுக்கும் அடிப்படைச் சிகிச்சைகூடக் கிடைக்காமல். அந்தப் பாதியைப் பறிப்பது பெரிய பெரிய இயந்திரங்கள் இல்லாத குறை மட்டுமில்லை. செய்யக்கூடியதைச் செய்யாமல் விடுவதுதான் பெரும்பங்கு. இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருந்தும் எனக்கு ஆறாத விஷயம் இது.

அதோடு அந்தப் பாதிக் கணக்கில் 25, 26 வாரத்தில் பிறந்த குழந்தைகளும் இருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து ஒரு மருத்துவர் கைகூடப் படாதவர்களும் இருக்கிறார்கள். உங்கள் மகள் அந்த எல்லையின் மேல்விளிம்பில், 32-இல் பிறந்தவள். மூச்சுக்கு உதவி தேவைப்பட்டபோது கிடைத்தது, இப்போது அது தேவைப்படவில்லை. முதல் 28 நாளில் இறக்கும் குழந்தைகளில் நான்கில் மூன்று பங்கு முதல் வாரத்திலேயே இறந்துவிடுகின்றன. அந்த வாரத்தை அவள் தாண்டிவிட்டாள். நேரில் பார்க்காமல் “பிழைத்துவிடுவாள்” என்று நான் வாக்குக் கொடுக்கக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன்: இன்றைக்கு அவளுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. இனி வரும் வாரங்களில் அந்த வாய்ப்பைக் காப்பாற்றுவதில் பாதி வேலை உங்கள் கையில்.

அந்த நான்கு ஊசிகளைப் பற்றி உங்களுக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு முறை போடுவது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. குறைமாதக் குழந்தையின் நுரையீரலில், காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள் இன்னும் போதிய அளவு ஊறியிருக்காது. அதை விரைவாக ஊறவைக்கும் வேலையை இந்த ஊசி செய்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் செம்மறியாடுகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, பிழைக்கவே முடியாத அளவு முன்கூட்டிப் பிறந்த ஆட்டுக்குட்டி ஒன்று மூச்சுவிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டார். அதிலிருந்து பிறந்தது இந்த வைத்தியம். அவரும் ஹோவி என்ற குழந்தை மருத்துவரும் 1972-இல் தாய்மார்களிடம் கண்ட பலனை வெளியிட்டார்கள். வசதி குறைந்த இடங்களில் இது பலிக்குமா என்ற சந்தேகம் வெகுநாள் இருந்தது. வங்கதேசம், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2020-இல் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது: மருந்தில்லாத வெற்று ஊசி போட்ட பிரிவில் நூற்றுக்கு 23.5 குழந்தைகள் இறந்தன, மருந்து ஊசி போட்ட பிரிவில் 19.6. உங்கள் மகள் ஐந்தே நாளில் மூக்குக் குழாயை விட்டு வெளியே வந்ததில் அந்த ஊசிக்கும் பங்கு உண்டு.

எடை குறைந்ததைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் 1,470 என்று எழுதியபோது உங்கள் கை நடுங்கியிருக்கும். பிறந்த முதல் வாரத்தில் உடம்பில் தேங்கிய நீர் வடிவதால் எல்லாக் குழந்தைக்கும் எடை இறங்கும். குறைமாதக் குழந்தைகளில் பிறப்பு எடையில் நூற்றுக்கு 10, சில சமயம் 15 வரைகூட இறங்கும். உங்கள் பாப்பா இழந்தது 70 கிராம், நூற்றுக்கு 5 கூட இல்லை. பிறந்த எடையைத் தொட இரண்டு வாரம் ஆகலாம். அதன் பிறகு நாளுக்கு ஒரு கிலோவுக்குச் சுமார் 15 கிராம் என்று ஏற வேண்டும். அவளுக்கு அது 20, 25 கிராம் வரும். ஒருநாள் 10 ஏறும், மறுநாள் 35 ஏறும், ஒருநாள் அசையாமல் நிற்கும். தினமும் தராசு முன் நின்று அழாதீர்கள். மூன்று நாள் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். 32 வாரத்தில் 1,540 என்பது அந்த மாதத்துக்கு ஏறக்குறைய இருக்க வேண்டிய எடைதான். 2,500 கிராமுக்குக் குறைந்தால் எல்லாவற்றையும் ‘எடை குறைந்த குழந்தை’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். 2020-இல் உலகெங்கும் கிட்டத்தட்ட 2 கோடிக் குழந்தைகள் அப்படிப் பிறந்தன. ஆனால் அதற்குள் இரண்டு வகை உண்டு. மாதம் நிறைந்தும் வயிற்றில் சரியாக வளராமல் மெலிந்து பிறந்தவை ஒரு வகை. நன்றாக வளர்ந்துகொண்டிருந்து நேரத்துக்கு முன்பே வந்துவிட்டவை இன்னொரு வகை. முதல் வகைக்குச் சப்பிக் குடிக்கத் தெரியும், ஆனால் சர்க்கரை சட்டென்று இறங்கும். இரண்டாம் வகைக்கு நுரையீரலும் குடலும் கண்ணும் முதிரவில்லை. அவற்றுக்குக் காலம் வாங்கித் தர வேண்டும். உங்கள் மகள் இரண்டாம் வகை.

சரி, பெட்டி.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இதன் தொடக்கம் பெட்டிப் பற்றாக்குறைதான். 1978-இல் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில், ஏழைத் தாய்மார்கள் பிரசவிக்கும் பெரிய மருத்துவமனை ஒன்றில் ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட வேண்டிய நிலை. ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தொற்று பரவியது. அம்மாக்களை உள்ளே விடாததால் பால் வற்றியது. சிலர் குழந்தையை விட்டுவிட்டே போனார்கள். எட்கர் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர், கங்காரு தன் முதிராத குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்ப்பது போல, குழந்தையை அம்மாவின் வெறும் நெஞ்சில் நிமிர்த்திக் கட்டிவைக்கச் சொன்னார். பிறகு எக்டர் மார்ட்டினெஸ் என்ற மருத்துவர் சேர்ந்து அதை ஒழுங்கான முறையாக வளர்த்தார். வேறு வழியில்லாமல் செய்ததுதான். ஆனால் நாற்பது வருடங்களுக்கு மேல் சோதித்துப் பார்த்ததில் தெரிந்தது வேறு: பெட்டி இருக்கும் இடத்திலும் நெஞ்சுதான் மேல்.

2021-இல் வந்த ஆய்வைச் சொல்கிறேன், ஏனென்றால் அது உங்கள் மகளைப் போன்ற குழந்தைகளைப் பற்றியது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து பெரிய மருத்துவமனைகளில், 1,000 முதல் 1,800 கிராமுக்குள் பிறந்த 3,200-க்கும் மேற்பட்ட குழந்தைகள். ஒரு பிரிவைப் பெட்டியிலோ, மேலிருந்து சூடு தரும் வார்மரிலோ வைத்து, உடல்நிலை தேறிய பிறகு அம்மா நெஞ்சுக்குக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவில் பிறந்த உடனேயே அம்மாவையோ வேறொரு உறவினரையோ தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே படுக்கவைத்து, நாளுக்குச் சராசரியாக 17 மணி நேரம் நெஞ்சிலேயே வைத்தார்கள். முதல் பிரிவில் 28 நாளுக்குள் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் இறந்தன, இரண்டாவதில் 12. நான்கில் ஒரு சாவு குறைந்தது. இனியும் ஒரு பிரிவுக்கு இதைத் தாமதப்படுத்துவது நியாயமில்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். இதற்கு அடுத்த ஆண்டே, குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்த கையோடு இதைத் தொடங்க வேண்டும், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஸ்வீடனைப் போன்ற நாடுகளில் பெட்டிக்குப் பஞ்சமே இல்லை. அங்கும் குழந்தை அம்மா, அப்பா நெஞ்சில்தான். மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். பேத்தி மேல் உள்ள பயத்தில்தான் அவர் அப்படிக் கேட்கிறார்.

சூடு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்கலாம். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் நடந்தது ஒன்று. 1,400 கிராம் குழந்தை, நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்தது. ஸ்கேன் எடுக்க அடுத்த கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். தலைக்குல்லா எங்கோ விழுந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. நானும்தான். போய் வர இருபது நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது கை கால் துவண்டு கிடந்தது. பாலை வாயில் விட்டால் விழுங்கவில்லை. வெப்பமானி 34.8 டிகிரி செல்சியஸ் காட்டியது. 36.5-க்குக் கீழே இறங்கவே கூடாது. இவ்வளவு சின்ன உடம்பில் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு மிக அதிகம். அடியில் கொழுப்பு கிடையாது, அது சேர்வது கடைசி வாரங்களில். குளிர்ந்தால் சூடு உண்டாக்க உடம்பில் இருக்கும் சர்க்கரையை எரிக்கும், மூச்சுக்காற்றையும் கூடுதலாகச் செலவழிக்கும். சர்க்கரை இறங்கும், சப்பத் தெம்பு இருக்காது, குடிக்காததால் இன்னும் குளிரும். அந்தக் குழந்தையை மறுபடி சூடாக்கி, சர்க்கரை ஏற்றி, பழைய நிலைக்குக் கொண்டுவர விடிந்துவிட்டது. அது பிழைத்தது. அன்றிலிருந்து என் வார்டில் எந்தக் குழந்தையைத் தாண்டிப் போனாலும் என் கை தானாக அதன் பாதத்துக்குப் போய்விடும்.

அந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். உங்கள் புறங்கையைப் பாப்பாவின் வயிற்றில் வையுங்கள், பிறகு பாதத்தில். இரண்டும் ஒரே கதகதப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாக, பாதம் சில்லென்று இருந்தால் குளிர் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நெஞ்சில் இல்லையென்றால் உடனே நெஞ்சில் வைத்துப் போர்த்துங்கள். வயிறும் சில்லென்று இருந்தால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள், காத்திருக்காதீர்கள்.

நெஞ்சில் வைக்கும் விதம் சிஸ்டர்கள் காட்டியிருப்பார்கள், விட்டுப்போனதைச் சொல்கிறேன். பாப்பாவுக்குத் தலைக்குல்லா, காலுறை, அரையில் நாப்கின், அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் உங்கள் தோலோடு ஒட்ட வேண்டும். இடையில் மெல்லிய துணிகூட வேண்டாம். இரண்டு மார்புக்கும் நடுவே நிமிர்ந்த நிலையில், தவளை போலக் கையும் காலும் மடங்கி, தலை ஒரு பக்கம் திரும்பி, முகவாய் லேசாக மேலே தூக்கினாற்போல் இருக்கட்டும். முகவாய் நெஞ்சில் இடித்துக் கழுத்து மடங்கினால் மூச்சுப் பாதை அடைபடும். எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கட்டும் துணியின் மேல் ஓரம் பாப்பாவின் காதுக்குக் கீழே வர வேண்டும். வயிற்றுப் பகுதியில் மூச்சுவிட இடம் இருக்க வேண்டும். ஆபரேஷன் புண் வலிக்கும் என்று பயப்பட வேண்டாம், பாப்பா இருப்பது புண்ணுக்கு வெகு மேலே. மல்லாந்து தட்டையாகப் படுக்காமல் முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்து படுங்கள். ஒருமுறை வைத்தால் ஒரு மணி நேரமாவது வைத்திருங்கள். எடுப்பதும் வைப்பதுமாக இருந்தால் அவளுக்கு அலைச்சல்.

நாள் முழுக்க ஒருவரால் முடியாது. நீங்கள் குளிக்க, சாப்பிட, கொஞ்சம் நிம்மதியாகத் தூங்க வேண்டும். அந்த நேரத்துக்கு உங்கள் கணவர் இருக்கிறார், மாமியார் இருக்கிறார். ஆண் நெஞ்சில் சூடு குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காய்ச்சல், சளி, தோலில் புண் இல்லாத யாரும் கையையும் நெஞ்சையும் சுத்தம் செய்துகொண்டு வைக்கலாம். “பெட்டிதான் வேண்டும்” என்று சொன்ன பாட்டி ஒருமுறை நெஞ்சில் வைத்துப் பார்த்த பிறகு திருப்பித் தர மறுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தொற்றுக்கும் இதில் விடை உண்டு. குழந்தையின் தோலிலும் குடலிலும் முதலில் எந்தக் கிருமி குடியேறுகிறதோ அது முக்கியம். உங்கள் உடம்பில் இருக்கும் சாதாரணக் கிருமிகளை எதிர்க்கும் சக்தியை உங்கள் பாலே அவளுக்குத் தருகிறது. ஆஸ்பத்திரிப் பெட்டிகளிலும் குழாய்களிலும் தங்கிவிட்ட, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் அப்படியில்லை. தொடும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பார்க்க வருகிறவர்கள் தூர நின்று பார்க்கட்டும். கண்டிப்பாகப் பேசினால் கோபித்துக்கொள்வார்களே என்று தயங்காதீர்கள்.

மூச்சைப் பற்றி உங்களைப் பயமுறுத்தாமல் ஒன்று சொல்ல வேண்டும். குறைமாதக் குழந்தைகள் சில சமயம் மூச்சுவிட மறந்துபோகும். 20 நொடிக்கு மேல் நின்றால், அல்லது அதற்குள் நிறம் மாறினால், கவனிக்க வேண்டியது. ஒரு இரவு ரவுண்ட்ஸில் இருந்தேன். இரண்டு கட்டில் தள்ளி ஒரு அம்மா கண்ணை மூடியே படுத்திருந்தார், நெஞ்சில் 1,300 கிராம் குழந்தை. திடீரென்று அவர் கை துணிக்குள் போய்க் குழந்தையின் முதுகை மேலும் கீழுமாகத் தேய்த்தது. நான் பக்கத்தில் போவதற்குள், “நின்னுட்டா டாக்டர், இப்ப வாங்குறா” என்றார். நெஞ்சின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்த அந்தச் சின்ன அசைவு நின்றதைத் தூக்கத்திலேயே அவர் உடம்பு உணர்ந்துவிட்டது. உங்களுக்கும் அந்த அசைவு இரண்டு நாளில் பழகிவிடும். நின்றால் முதுகையோ உள்ளங்காலையோ தேய்த்துவிடுங்கள். மூச்சு திரும்பினாலும் சிஸ்டரிடம் சொல்லுங்கள், அட்டையில் குறிக்க வேண்டும். திரும்பாவிட்டால் கத்திக் கூப்பிடுங்கள்.

பால் போதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உட்கார்ந்து கணக்குப் போடுவோம். இந்த வயதில் ஒரு கிலோ எடைக்கு நாளுக்குச் சுமார் 150 மில்லி. பிறகு மெல்லக் கூட்டுவார்கள். 1,470 கிராமுக்கு ஏறக்குறைய 220 மில்லி. இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் 12 வேளை. ஒரு வேளைக்கு 18 மில்லி. உங்களுக்கு வருவது 15 முதல் 20. உங்கள் உடம்பு உங்கள் மகளின் இரைப்பையை அளந்து வைத்தது போல் சுரக்கிறது, அம்மா! குறைமாதத்தில் பிரசவித்த தாயின் பாலில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் கூடுதல். இந்தக் குழந்தைகளைத் திடீரென்று கொண்டுபோகும் ஒரு குடல் நோய் உண்டு, குடல் வீங்கி அழுகிவிடும்; பால்பவுடர் குடிக்கும் குழந்தைகளுக்கு அது அதிகம் வருகிறது, தாய்ப்பால் குடிப்பவர்களுக்குக் குறைவு. அதனால் பால் கொஞ்சம் குறைந்தாலும் பவுடருக்குத் தாவாதீர்கள். தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தண்ணீர்கூட ஒரு சொட்டு வேண்டாம்.

வரத்து நிலைக்க நாளுக்கு எட்டு, பத்து முறையாவது பீய்ச்ச வேண்டும், அதில் ஒருமுறையாவது நள்ளிரவுக்குப் பின். நெஞ்சில் பாப்பா இருந்துவிட்டு இறங்கிய உடனே பீய்ச்சிப் பாருங்கள், கூடுதலாக வரும். இப்போது குழாய் வழியாகக் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். சப்புவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் முறைப்படுத்திச் செய்ய 34 வாரம் போல ஆகும். அதற்கு முன் பீய்ச்சி முடித்த மார்பில் வாயை வைத்து நக்கவிடுங்கள், அது ஒத்திகை. பிறகு சிறு கிண்ணத்திலோ பாலாடையிலோ பழக்குவார்கள். பால் பாட்டில் வேண்டாம். கழுவிச் சுத்தமாக வைப்பது கடினம், மார்பில் சப்பும் பழக்கத்தையும் குழப்பும்.

கணவரின் யோசனைக்கு என் பதில்: இன்றைய நிலையில் மாற்ற வேண்டாம். தானாக மூச்சுவிடுகிற, பால் தாங்குகிற குழந்தைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் கூடுதலாகக் கிடைக்கப்போவது மிகக் குறைவு. வண்டியில் போகும் வழியில் குளிர்ந்துபோகும் ஆபத்து நிஜம். அங்கே உங்களை உள்ளே விடாமல் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினால் நெஞ்சும் போச்சு, பாலும் போச்சு. அம்மாவை வெளியே நிறுத்தும் எந்தப் பச்சிளங்குழந்தைப் பிரிவையும், அங்கே எத்தனை இயந்திரம் இருந்தாலும், நல்ல பிரிவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நெஞ்சு எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் நினைத்துவிடக் கூடாது. மூச்சு மறுபடி திணறினால், அடிக்கடி நின்றுபோனால், வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுத்தால், மலத்தில் இரத்தம் வந்தால் அவளுக்கு இயந்திரமும் நிபுணரும் வேண்டும். அப்போது அங்கே வசதி இல்லையென்றால் மருத்துவர்களே அனுப்புவார்கள், அனுப்பச் சொல்லி நீங்களும் கேட்கலாம். அப்போதும் வண்டியில் வெறும் துணியில் சுற்றிக் கொண்டுபோகாமல் நெஞ்சில் கட்டியே கொண்டுபோக முடியுமா என்று கேளுங்கள்.

வாயாலேயே முழுப் பாலும் குடித்து, சில நாள் தொடர்ந்து எடை ஏறி, மூச்சு நிற்காமல், நெஞ்சில் இருக்கும்போது சூடு நிலையாக இருந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். இது இரண்டு வாரத்திலும் நடக்கலாம், நான்கு வாரத்திலும் நடக்கலாம். பக்கத்துக் கட்டில் பாப்பாவோடு ஒப்பிட வேண்டாம். வீட்டிலும் நெஞ்சில் வைப்பதை நிறுத்தாதீர்கள். இந்தியாவின் ஹரியானாவில் 8,400 எடை குறைந்த குழந்தைகளை வைத்து, வீட்டிலேயே இதைச் செய்ய உதவி செய்து பார்த்தார்கள். முதல் மாதச் சாவு நூற்றுக்கு 30 பங்கு குறைந்தது. எப்போது நிறுத்துவது என்று பாப்பாவே சொல்வாள்: 2,500 கிராமை நெருங்கும்போது வியர்த்து, காலை உதைத்துத் துணியைவிட்டு நழுவப் பார்ப்பாள்.

வீட்டில் இருக்கும்போது பால் குடிக்க மறுத்தால், நெஞ்சில் வைத்தும் உடம்பு சில்லிட்டே இருந்தால், காய்ச்சல் அடித்தால், சீண்டினாலும் அசையாமல் கிடந்தால், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினால், விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகத் தெரிந்தால், வலிப்பு வந்தால் அந்த மணி நேரமே கிளம்புங்கள். இந்தக் குழந்தைகள் நோயைச் சத்தம் போட்டுச் சொல்லாது. நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தது திடீரென்று மந்தமாவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. “காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்ட இரவுகளில்தான் பல குழந்தைகளை இழந்திருக்கிறோம்.

இரும்புச் சத்து, வைட்டமின் டி சொட்டு மருந்துகளை எப்போது தொடங்குவது என்று கேட்டு வையுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் சின்னக் குழந்தைக்கு இரண்டும் வேண்டும். தடுப்பூசி எடையைப் பார்த்துத் தள்ளிப்போடக் கூடாது, பிறந்த தேதிக் கணக்கில்தான். ஒன்றிரண்டுக்கு மட்டும் மருத்துவர் வேறு தேதி சொல்லலாம்.

கண்ணைப் பற்றி வார்டில் சொல்ல மறந்துபோவார்கள், அதனால் நான் சொல்கிறேன். 32 வாரத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. மூச்சுக்குக் காற்றும் ஆக்ஸிஜனும் வாங்கிய குழந்தைகளில் சிலருக்கு அவை தாறுமாறாக வளர்ந்து பார்வையையே எடுத்துவிடும். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தால்தான் தெரியும். நேரத்தில் பிடித்தால் லேசரிலேயே தடுத்துவிடலாம், சில வாரம் தவறினால் முடியாது. பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடக்க வேண்டும். அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் இது விட்டுப்போகும். நாளைக் காலை ரவுண்ட்ஸ் வரும்போதே கேட்டு, அந்தத் தேதியைப் பாப்பாவின் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காது கேட்கும் பரிசோதனைத் தேதியையும் அதன் கீழேயே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பச்சிளங்குழந்தை மருத்துவர்